உலக்கை பிடித்த தலைமைக் கிளாக்கர்

தம்பி கனடாவிலிருந்து லீவில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே கதைதான். "எங்கையாவது கிராமத்துப் பக்கம் போகவேணும் அக்கா." நெல்லியடிக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிற எங்கள் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடிதான் இதைச் சொல்வான். வீட்டுக்கு இடப்பக்கம் பனங்கூடல். வலப்பக்கம் வெங்காயத் தோட்டம். படலைக்கு வெளியே பக்கத்து வீட்டு மாடு எங்கள் வேலிக் கிளுவையை இழுத்துத் தின்றுகொண்டு நிற்கும்.

ஒரு நாள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாட்டைக் காட்டினார். "அப்ப உது என்ன?"

"உது வீடு அப்பா. நான் சொல்லுறது கிராமம்."

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடை பிழை என்று முதல் வரியிலேயே தெரிந்தாலும், செய்கையைக் கடைசிவரை பார்க்காமல் விடமாட்டார். "கிராமம் எண்டால் என்ன எண்டு சொல்லு பாப்பம்" என்றார்.

தம்பி போனை நீட்டினான். கொடிகாமத்துக்கு அப்பால், கடல்நீரேரிக் கரையில், பழைய தென்னந்தோட்டம் ஒன்றைப் பூங்காவாக்கி இருந்தார்கள். ஓலைக் கொட்டில்கள், வள்ளச் சவாரி, மாட்டு வண்டில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ், பின்னேரத்தில் கும்மி. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து போகிறார்களாம். குடும்பத்தோடு ஒரு நாளைக் கழிக்கத் தோதான இடம் என்று கனடாவில் இருக்கும் அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் சொன்னார்களாம்.

"காசு குடுத்து வண்டிலிலை ஏறுறதோ" என்றார் அப்பா. "உந்த வண்டிலிலை இருந்து இறங்கவேணும் எண்டுதான் எங்கடை ஆக்கள் படிச்சவை."

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் தவிர வெளியே போகாத மனுஷி. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்டைக்குச் சமைக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை அம்மா. அங்கைதான் சாப்பாடு."

"அப்ப நான் வாறன்."

அம்மா வருகிறாள் என்றதும் அப்பாவும் வந்தாக வேண்டியதாயிற்று. அவருக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் காரில் புறப்பட்டோம். தம்பி ஓட்டினான். அப்பா முன்னால். அம்மாவும் நானும் என் மகளும் பின்னால். என் கணவருக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. தம்பி கனடாவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன். கொஞ்சம் அசந்தால் கார் தன்பாட்டில் வலப்பக்கம் சாயும். அப்பா கொடிகாமம் வரைக்கும், பள்ளிக்கூட மைதானத்தில் அணிநடை பழக்குகிறவரைப்போல "இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கூழைக்கடாக்கள் கூட்டமாக நின்றன. தம்பி அவற்றைக் காட்ட ஒரு கையை எடுப்பான். அப்பா "இடது" என்பார். அவன் கையை வைப்பான்.

பூங்கா வாசலில் கொங்கிறீற் வளைவு கட்டி, அதற்கு மேல் கிடுகு வேய்ந்திருந்தார்கள். பாவாடை தாவணி கட்டிய ஒரு பிள்ளை தாம்பாளத்தில் சந்தனம், குங்குமத்தோடு ஓடி வந்தாள்.

"வணக்கம், வாங்க வாங்க. பயணம் எல்லாம் சௌகரியமா இருந்திச்சா?"

அப்பா நின்றுவிட்டார். "பிள்ளை எந்த இடம்? இந்தியாவோ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இல்லை ஐயா. நான் உங்கை, கொடிகாமம்."

"பிறகேன் உப்பிடிக் கதைக்கிறாய்?"

"கிராமத்து ஆக்கள் எண்டால் இப்பிடித்தான் கதைக்கவேணும் எண்டு மனேச்சர் சொன்னவர்."

"அவர் எந்த இடம்?"

"அவர் சாவகச்சேரி."

உள்ளே போனதும் இன்னொரு சிக்கல். வீட்டில் நாள் முழுக்கச் சாரத்தோடு இருக்கிற அப்பா, வெளியே போகிறோம் என்று அன்றைக்குக் காற்சட்டை போட்டு, சப்பாத்தும் மாட்டி வந்திருந்தார். இங்கேயோ காற்சட்டையோடு வருகிறவர்களுக்குச் சாரமும் தோள் துண்டும் கொடுத்து, கிராமத்தானாக்கி உள்ளே விட்டார்கள். தம்பி ஆசையோடு வாங்கிக் கட்டிக்கொண்டான். அது நிற்கவில்லை. பிறகு தன்னுடைய இடுப்புப் பட்டியை மேலே இறுக்கிக்கொண்டு, அன்று முழுவதும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி திரிந்தான். அப்பா சாரத்தை வாங்கி, நாலாக மடித்து, அம்மாவின் பையில் வைத்தார்.

வண்டில் சவாரி ஒரு சீமெந்து வட்டத்தைச் சுற்றி வந்தது. மாடு ஒரு சுற்றில் பாதிதான் போகும். சாப்பாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் யாரோ வாழைப்பழத் தோல் போடுகிற இடம் வந்ததும் நின்றுவிடும். தோல் வரும்வரை அது நகராது. ஏறியவர்கள் இறங்கி மாட்டோடு சேர்ந்து காத்து நிற்பார்கள். எங்களுக்கு முன்னால் போன கொழும்புக் குடும்பம் அப்படிக் காத்து நின்று, மாட்டோடு படம் எடுத்து, மிச்ச வட்டத்தை நடந்தே முடித்தது. "நல்ல அனுபவம்" என்று அந்தக் குடும்பத்துத் தகப்பன் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் சிலைகள்.

தோட்டத்தின் நடுவில், தென்னைகளுக்கு இடையே, கிராமத்து வாழ்க்கையைச் சீமெந்தில் செய்து வைத்திருந்தார்கள். ஆளளவுச் சிலைகள், பளிச்சென்ற பெயின்ற். மகள் முன்னால் ஓடியவள் திரும்பி நின்று கூப்பிட்டாள்.

"அம்மப்பா, இஞ்சை நீங்கள் நிக்கிறியள்."

மண்வெட்டியோடு ஒரு தோட்டக்காரர். மேலுடம்பில் துணி இல்லை. அகன்ற நெற்றி, பெரிய காதுகள், இறுகிய உதடு. இடது புருவம் மட்டும் சற்று மேலே ஏறி, எதிரே நிற்கிறவனின் கணக்கில் பிழை கண்டுவிட்டதுபோல ஒரு பார்வை. அப்பாவேதான். தம்பி சிரித்து, போனை எடுத்தான். "அப்பா, பக்கத்திலை நில்லுங்கோ."

அப்பா நிற்கவில்லை. சிலைக்கு நேரே போய் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"நான் இல்லை" என்றார். "உது அப்பா."

அப்பப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபரின் கந்தோரில், தலைமைக் கிளாக்கராக இருந்தவர். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது செத்துப்போனார். எனக்கு நினைவிருப்பது அந்தப் புருவமும், கதிரையின் கையில் விரலால் தட்டுகிற சத்தமும்தான். தட்டினால் செம்பில் தண்ணீர் வரவேணும். இரண்டு தரம் தட்டினால் செருப்பு. அவர் தன் கையால் ஒரு பொருளைத் தூக்கி நான் பார்த்ததில்லை. செத்தபிறகு ஊர் வாசிகசாலையில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அப்பாதான் அலைந்து திரிந்து செய்வித்தார். பிறகு நாங்கள் இடம்பெயர்ந்து போய், கனகாலத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது, வீட்டில் கூரையும் இல்லை, படங்களும் இல்லை. வாசிகசாலையில் பீடம் மட்டும் நின்றது. அப்பப்பாவின் முகம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. திவசத்துக்குக் கூட வெறும் செம்புக்குத்தான் மாலை போடுவோம்.

அப்பா அடுத்த சிலைக்குப் போனார். துலா மிதிக்கிறவர். அதே நெற்றி, அதே புருவம். அதற்கடுத்தது தோளில் வலையோடு ஒரு மீன்பிடிகாரர். அதுவும் அப்பப்பா. மாட்டில் பால் கறந்துகொண்டு குந்தியிருந்தவரும் அப்பப்பா. செக்குச் சுற்றுகிறவர், நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர், நாடி பிடித்துப் பார்க்கப்படும் நோயாளி. வைத்தியரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி இருந்தார்கள். பட்டம் விடுகிற ஒரு சிறுவனும் இருந்தான். உடம்புக்கு ஏழு வயது. தலை அப்பப்பாவின் முழுத் தலை. சனம் அதற்குப் பக்கத்தில்தான் கூட்டமாக நின்று படம் எடுத்தது.

பனையில் பாதி ஏறி நின்றவரைப் பார்த்ததும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பப்பா உயிரோடு இருந்த காலத்தில் மரம் ஏறுகிறவரைப் படலைக்கு உள்ளே விடமாட்டார். வெளியே நிற்கவைத்து, தூரத்திலிருந்து தண்ணீர் வார்ப்பார்கள். வார்த்ததும் அம்மாதான். அதை எனக்கு அம்மா சொல்லியிருக்கிறாள். இப்போது அப்பப்பா இடுப்பில் கள்ளு முட்டியைக் கட்டிக்கொண்டு, எந்தக் காலத்திலும் இறங்க முடியாத உயரத்தில் நின்றார்.

கடைசிச் சிலையை நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். உரலடியில் ஒரு பெண். சிவப்புச் சேலை, மூக்குத்தி, பெரிய பொட்டு. கையில் உலக்கை. மீசை இல்லை. இடது புருவம் மேலே ஏறியிருந்தது.

தம்பி இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டான். நல்ல வேளையாகப் பட்டி பிடித்துக்கொண்டது.

"மனேச்சரைக் கூப்பிடுங்கோ" என்றார் அப்பா.

மனேச்சர் இளம் ஆள். மிகவும் பணிவாக ஓடி வந்தார். அவரும் "வணக்கம், வாங்க" என்றுதான் தொடங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொந்தத் தமிழுக்கு இறங்கினார்.

"என்ன ஐயா, ஏதும் குறையோ?"

"இது என்ரை அப்பா."

மனேச்சர் சுற்றிப் பார்த்தார். "ஆர் ஐயா? எங்கை நிக்கிறார்?"

"எல்லா இடமும்."

மனேச்சருக்கு விளங்கவில்லை. காணாமல்போன முதியவர் என்று நினைத்து, என்ன நிற உடுப்பு என்று கேட்டார். அப்பா சிவப்புச் சேலையைக் காட்டினார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோலப் பாவனை செய்தேன். மகள் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். குழந்தைகளுக்கு இப்படியான விஷயங்களைச் சொல்லுவதில் கஷ்டமே இல்லை. "இதெல்லாம் எங்கடை அம்மப்பாவின்ரை அப்பா. ஒரே ஆளைக் கன பேராச் செய்து வைச்சிருக்கிறியள்."

மனேச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். திறந்து இவ்வளவு காலமாகியும் அவர் கவனித்ததில்லை. பட்டம் விடுகிற சிறுவனிடம் வந்தபோது, "எனக்கும் இவனிலை ஏதோ சரியில்லை எண்டு பட்டது" என்றார்.

சிலை செய்தவர் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். சீமெந்து மாட்டின் வால் ஒன்று உடைந்துபோக, அதை ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கூட்டி வந்தார்கள். அப்பாவின் வயதுதான் இருக்கும். கையில் ஈரச் சீமெந்து. அப்பாவை நிமிர்ந்து பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்ரர் எல்லே? வாசிகசாலைச் சிலைக்குப் படம் கொண்டு வந்து தந்தனீங்கள். மீசை சரியில்லை எண்டு மூண்டு தரம் திருப்பிக் கொண்டு வந்தனீங்கள்."

"ஓம்" என்றார் அப்பா. "அது ஒரு சிலை. ஒண்டுதான் நான் கேட்டது."

"அச்சுக் கிடந்தது மாஸ்ரர். பிரச்சினைக்குள்ளை என்ரை பட்டறை முழுக்கப் போச்சு. அந்த அச்சுத்தான் மிஞ்சினது. அருமையான முகம். எதுக்கும் ஒத்து வரும். மீசை வைச்சால் விதானையார். எடுத்தால் பொம்பிளை. கண்ணைக் கொஞ்சம் மூடிவிட்டால் சாமியார்."

"அப்ப கோயில் வேலையளும் செய்தனீங்களோ?"

அவர் கையில் காயத் தொடங்கிய சீமெந்தை உரித்தார். "துவாரபாலகர் ரெண்டு பேர். குருநகர்ச் சேர்ச்சிலை ஒரு சுரூபம், தாடியோடை. தாடிக்குள்ளை அவ்வளவாத் தெரியாது."

அப்பா பக்கத்திலிருந்த மரக்குற்றியில் போய் இருந்தார். யாரோ ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை.

"அந்த அச்சு எங்கை இப்ப?"

"வவுனியாவிலை. அங்கையும் ஒரு பூங்கா வருது."

அப்பா செம்பைக் கீழே வைத்தார். பிறகு அப்பா, கடையில் ஏதோ சாமான் கேட்பவர்போல, "எனக்கும் ஒண்டு செய்து தருவியளோ? வீட்டிலை வைக்க" என்று கேட்டார்.

"ஏன் தராமல். ஆணோ பெண்ணோ?"

 அந்தக் கேள்வி அப்பாவை உசுப்பிவிட்டது. எழுந்து நின்று மனேச்சரிடம் திரும்பினார். தலைமைக் கிளாக்கராக இருந்த மனுஷன், கச்சேரியில் அவர் நடந்துபோனால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், அவரை உரலடியில் சேலை கட்டி நிற்கவைப்பது எந்த வகையில் நியாயம் என்று கேட்டார். மனேச்சர் எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று தலையாட்டினார். மீசை வைத்துவிடலாம் என்றார். சேலையோடு மீசையா என்று அப்பா கேட்டார். சேலையை வேட்டியாக்கலாம், ஆனால் உடனே ஏலாது, வால் வேலை முடிய வேணும் என்றார் சிலைக்காரர். ஆம்பிளை அரிசி இடிப்பதைப் பார்த்தால் வருகிற சனம் குழம்பிவிடும் என்றார் மனேச்சர்.

"கதிரை ஒண்டு போட்டு இருத்துங்கோ" என்றார் அப்பா. "ஒருத்தரையாவது கதிரையிலை இருத்துங்கோ. முன்னாலை ஒரு மேசை."

"கதிரையிலை இருந்தால், அவர் என்ன செய்யிறார் எண்டு சனம் கேக்கும் ஐயா."

"கச்சேரி வேலை."

மனேச்சர் யோசித்தார். "கச்சேரி கிராமத்துக்குள்ளை வருமோ தெரியேல்லை. ஓணரைக் கேட்டுச் சொல்லுறன்."

அப்போதுதான் அம்மாவைக் காணவில்லை என்று கவனித்தேன். சாப்பாட்டுக் கொட்டில் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. வள்ளத்தடியிலும் இல்லை. திரும்பி வந்தால், உரலுக்கு நேரெதிரே ஒரு நீட்டு மர வாங்கில், தென்னை நிழலில் இருந்தாள். கையில் பனையோலைப் பிளா. அதில் கூழ். நண்டுக்காலை எடுத்து ஆறுதலாகச் சூப்பிக்கொண்டு, சேலை கட்டிய அப்பப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படிக் கால் நீட்டி இருந்து, எல்லாருக்கும் முதல் தான் சாப்பிட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மற்றவர்களும் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அப்பா அம்மாவிடம் முறையிட்டார். "உதை மாத்தச் சொல்லிச் சொன்னனான். ஓணரைக் கேக்கவேணுமாம். நீர் பாத்தீரோ, எப்பிடி வைச்சிருக்கிறாங்கள் எண்டு?"

"பாத்தனான்" என்றாள் அம்மா. "விடுங்கோ. இடிக்கட்டும்."

"என்ன சொல்லுறீர்?"

"மாமா இடிக்கட்டும் எண்டு சொல்லுறன். இப்பதானே துவங்கியிருக்கிறார்."

சொல்லிவிட்டு அம்மா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கூழ் சிந்தியது. பிளாவை என்னிடம் நீட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வந்தது. என் மகள் ஏன் என்று தெரியாமலே கூடச் சிரித்தாள். மனேச்சர், குறை தீர்ந்தது என்று நினைத்து, அவரும் சிரித்தார்.

அப்பப்பா மில்லில் அரைத்த மா சாப்பிடமாட்டார். மில் மா நாக்கில் மண் மாதிரி இருக்குதாம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அரிசியை ஊறப்போட்டு, இடித்து, அரித்து, வறுத்து எடுப்பாள். நான் வயிற்றில் இருந்தபோதும் இடித்தாள். தம்பி வயிற்றில் இருந்தபோதும் இடித்தாள். அப்பப்பா விறாந்தையில் இருந்து உலக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சத்தம் நின்றால் விரலால் தட்டுவார். பிட்டை உதிர்த்து, ஒரு வாய் வைத்து, புருவத்தை மேலே தூக்குவார். நல்லது என்றும் சொல்லமாட்டார், கூடாது என்றும் சொல்லமாட்டார். கதவுக்குப் பின்னால் நிற்கிற அம்மா அந்தப் புருவத்தை வைத்துத்தான் மிச்சத்தை ஊகிக்கவேணும். இதையெல்லாம் அம்மா ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. அவரைப் பற்றிக் கேட்டால் "மாமா பெரிய மனுஷன்" என்பதோடு முடித்துவிடுவாள்.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.  கொஞ்சம் கழித்து வாங்கின் மற்றக் கரையில் போய் இருந்தார். இரண்டு பேரும் உரலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"உலக்கை பிடிச்ச பிடி பிழை" என்றார் அப்பா.

"ஓம். உப்பிடிப் பிடிச்சால் கை கொப்பளிக்கும்" என்றாள் அம்மா. "மாமாவுக்குப் பழக்கமில்லைத்தானே."

அப்பாவின் தோள் அசைந்தது. சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தம்பியையும் மகளையும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னால் வந்த அப்பா தானாகப் போய் ஒரு பிளாக் கூழ் வாங்கி வந்தார். தனக்கு என்று நினைத்தேன். அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்று வாங்கப் போனார். உறைப்பு நல்லாய்த்தான் இருந்தது. மரவள்ளிக்கிழங்கும் பயத்தங்காயும் பதமாக அவிந்து, ஓலை வாசத்தோடு இறங்கியது. தம்பி நாலு பிளா குடித்து, சாரத்தை இன்னும் ஒரு தரம் இறுக்கினான். பின்னேரம் கும்மியும் பார்த்தோம். ஆடிய பிள்ளைகளில் வாசலில் நின்றவளும் ஒருத்தி. எங்களைக் கண்டு கண்ணைச் சிமிட்டினாள்.

தம்பி கனடாவுக்குப் போன பிறகும் சிலைக்காரர் முகத்தைச் செய்து கொண்டுவந்து தரவில்லை. போன் எடுத்தால், அச்சு இன்னும் வவுனியாவில்தான், அங்கே ஓணர் கூடுதலாகக் கேட்கிறார், பொலிஸ்காரர் ஒருவரும் தபால்காரர் ஒருவரும் வேணுமாம் என்று சொல்லுவார். அப்படியே அப்பப்பாவின் திவசம் வந்தது. ஐயர் வந்து போய், காகத்துக்கு வைத்து, எங்கள் பங்குச் சாப்பாடும் முடிந்தபிறகு, அப்பா சந்தனத்தை ஒரு கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"பிள்ளை, மருமோன் வேலையாலை வந்திட்டாரே? கார் இருக்குதோ? கொடிகாமம் மட்டும் போகலாமோ எண்டு."

போனோம். இந்த முறை அப்பா வேட்டி கட்டியிருந்தார். வாசல் பிள்ளை "வாங்கோ மாஸ்ரர்" என்றாள். அப்பா ஒவ்வொரு சிலையாகப் போய், நெற்றியில் சந்தனம் வைத்தார். தோட்டக்காரர், துலா மிதிப்பவர், மீன்பிடிகாரர், வைத்தியர், நோயாளி. சிறுவனுக்குக் குனிந்து வைத்தார். பனையில் நின்றவருக்கு எட்டவில்லை. மனேச்சர் ஏணி கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் ஏறத் தயாரானார். அப்பா அவரைத் தடுத்துவிட்டுத் தானே ஏறினார். மெதுவாக ஏறி, சந்தனத்தை வைத்து, அந்த முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்து, கதிரை விஷயம் என்னவாயிற்று என்று மனேச்சரிடம் கேட்டார். ஓணர் யோசிக்கிறாராம்.

உரலடிச் சிலைக்கு மட்டும் அப்பா கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதற்கு ஏற்கெனவே பொட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

இதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்திருந்தது. கண்டியிலிருந்து வந்த பஸ்காரர்கள். வெள்ளைக்காரச் சோடி ஒன்று. இது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார்கள். வாசல் பிள்ளையிடம் சந்தனம் வாங்கி, அப்பா போன ஒழுங்கிலேயே போய், ஒவ்வொரு நெற்றியிலும் வைத்துக் கும்பிட்டார்கள். ஏணியிலும் ஏறினார்கள். மனேச்சர் ஒரு மரத்தோடு சாய்ந்து நின்று இதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அது பூங்காவின் நிகழ்ச்சிகளில் ஒன்று. நாலு மணிக்குக் கும்மி, அதற்கு முதல் பொட்டு வைத்தல்.

அன்றைக்கு அந்த வெள்ளைக்காரப் பெண் அப்பாவிடம் வந்து, இது எந்தக் கடவுள் என்று இங்கிலீசில் கேட்டாள். அப்பா இங்கிலீசிலேயே, கடவுள் இல்லை, சீஃப் கிளாக் என்றார். அவள் தலையை ஆட்டி, அதை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நாங்கள் புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. காற்றும் சேர்ந்து, கடல்நீரேரிப் பக்கமிருந்து சரிந்து பெய்தது. சனம் கொட்டில்களுக்குள் ஓடியது. எங்களிடம் ஒரே ஒரு குடைதான் இருந்தது. அப்பா அதை விரித்துக்கொண்டு, சிலைகளுக்கு நடுவில் நின்றுவிட்டார். எல்லா நெற்றிகளிலிருந்தும் சந்தனம் கரைந்து புருவத்துக்கு மேலால் வழிந்தது. அவர் மண்வெட்டிக்காரரைப் பார்த்தார். திரும்பிப் பால் கறக்கிறவரைப் பார்த்தார். பட்டம் விடுகிற சிறுவனை நோக்கி இரண்டடி வைத்து, நின்றார். அம்மா வாங்குக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்று, "நான் நனையிறன்" என்று சொன்னாள். அப்பா போய்க் குடையை அவளுக்கு மேலே பிடித்தார். இரண்டு பேரும் கார் நின்ற பக்கமாக நடந்தார்கள்.